எக்ஸ்ரேயில் தெரியாத வலிக்கு நஷ்ட ஈடு வாங்கிய கதை



போன வாரம் 1994-ஆம் வருடத்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் போன் செய்தான். பையன் என்ன பையன், அவனுக்கே நாற்பத்து நாலு வயது ஆகிறது. "சார், எங்கம்மா ஸ்கூட்டியில பின்னால உட்கார்ந்து போகும்போது ஒரு கார்க்காரன் இடிச்சுட்டான். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைங்கறாங்க. ஆனா கழுத்தைத் திருப்ப முடியல. கேஸ் போட்டா நிக்குமா? உங்க வீட்டம்மாவுக்கு நீங்க வாங்கினீங்களாமே?" என்றான்.

போனிலேயே அரை மணி நேரம் சொன்னேன். ஆனாலும் திருப்தி இல்லை. இதே கேள்வியை என் கொழுந்தியாள் மகனும் முன்பு கேட்டிருக்கிறான். அதனால் எழுதிவிடுகிறேன். வரலாறு பாடம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் தூரத்திலிருந்துதான் வருவேன். அவசரக்காரர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிக்கொள்ளலாம், வகுப்பில் செய்தது போலவே.

2022 ஆவணியில் பழனிப் பக்கம் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு மச்சினர் காரில் திண்டுக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரு ரயில்வே கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு நின்றோம். நான் முன்னால், என் துணைவியார் பின் சீட்டில், மடியில் தாம்பூலப் பையோடு. பின்னால் வந்த காய்கறி வேன் பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து இடித்தது. பெரிய இடி என்று சொல்ல முடியாது. பம்பர் உள்ளே போனது, டிக்கி மூடவில்லை, அவ்வளவுதான். வேன் ஓட்டியவன் இருபத்திரண்டு வயதுப் பையன். கையைக் கூப்பிக்கொண்டு நின்றான். என் துணைவியார்தான், "பாவம், விட்டுடுங்க, அந்தப் பிள்ளை சோத்துல மண்ணைப் போடாதீங்க" என்றார். மச்சினர் மட்டும் வேனின் நம்பர் தெரிகிற மாதிரி செல்போனில் இரண்டு படம் எடுத்து வைத்தார். அவர் எதையும் படம் எடுத்து வைக்கும் ஆள். அன்றைக்கு அதைக் கிண்டல் செய்தேன்.

மறுநாள் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். மாமியார் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். மூன்றாம் நாள் கை மரத்துப் போகிறது என்றதும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா எப்படி அடிபட்டது, எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை என்று எழுதி, மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி போலீஸ்காரர் "கேஸ் உண்டா சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, சுளுக்குதான்" என்று சொன்னவன் நான்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம், "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கானே, பின்ன எப்படி வலிக்கும்? கல்யாண அலைச்சல். ரெண்டு நாள் தூங்கு, சரியாயிடும்" என்றேன். இரண்டு மூன்று தடவை இப்படிச் சொன்ன பிறகு அவர் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் விடிகாலை நாலு மணிக்கு எழுந்தபோது, அவர் அடுக்களைச் சுவரில் பின்தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டேன். தலையைத் திருப்பவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு முழுவதையும் திருப்பி என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். விபத்து நடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பிற்பாடு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் "ஏன் பன்னிரண்டு நாள் தாமதம்?" என்று கேட்டார். பதில் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

இனி பாடம். வழக்கு நடந்த இரண்டு வருடத்தில் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து நிறையப் படித்தேன். காயம் வெளியே தெரியாமல் வலி மட்டும் இருக்கிறவர்களை நம்பாதது என் வீட்டில் மட்டும் நடக்கவில்லை, நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக உலகமே அதைத்தான் செய்திருக்கிறது என்று தெரிந்தது. அது எனக்குச் சமாதானம் இல்லை. ஆனால் சுவாரசியமாக இருந்தது.

வண்டி மோதிய வழக்கு என்றால் நமக்கு உடனே நினைவு வருவது மனுநீதிச் சோழன்தான். தேர்க்காலில் கன்று மாட்டி இறந்தது, பசு ஆராய்ச்சி மணி அடித்தது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஓட்டியவனுக்குத் தண்டனை கிடைத்தது. பசுவுக்கு என்ன கிடைத்தது என்று 1988-இல் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். உட்கார் என்றேன். இப்போது தோன்றுகிறது, நஷ்ட ஈட்டுச் சட்டம் முழுவதும் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விதான்.

இங்கிலாந்திலும் பழைய காலத்தில் விபத்தில் இறந்தவரின் குடும்பம் நஷ்ட ஈடு கேட்க முடியாது. அங்கே ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. ஒரு வண்டியோ, மாடோ, மரமோ மனிதனைக் கொன்றால், அந்தப் பொருளே குற்றவாளி. அதன் மதிப்பு அரசனுக்குப் போகும். 'டியோடண்ட்' என்று பெயர், கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். ரயில் வந்ததும் இந்த வழக்கம் திணறிவிட்டது. 1830 செப்டம்பர் 15-ஆம் தேதி லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதைத் திறப்பு விழா. அன்றே ஹஸ்கிசன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 'ராக்கெட்' எஞ்சினில் அடிபட்டு இறந்தார். 1841 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சோனிங் என்ற இடத்தில் ரயில் மண்சரிவில் மோதி, திறந்த பெட்டியில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்த கட்டடத் தொழிலாளர்கள் இறந்தார்கள். விசாரித்த ஜூரிகள் அந்த ரயிலுக்கு 1000 பவுண்டு டியோடண்ட் விதித்தார்கள். ரயில் கம்பெனி முதலாளிகள் நாடாளுமன்றத்திலும் இருந்தார்கள் என்று நினைவில் வையுங்கள். 1846-இல் டியோடண்டை ஒழித்தார்கள். அதே வருடம் கேம்பெல் பிரபுவின் முயற்சியால், விபத்தில் இறந்தவரின் குடும்பம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சட்டம் வந்தது.

அதன் நகல் நம் நாட்டுக்கும் வந்தது. 1855-ஆம் வருடத்து 13-ஆவது சட்டம், இந்திய மரண விபத்துச் சட்டம். அடுத்த வருடம் 1856 ஜூலை 1-ஆம் தேதிதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ரயிலுக்கு முன்பே நஷ்ட ஈட்டுச் சட்டம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது! ஆனால் அது செத்தவர் குடும்பத்துக்கு மட்டும். உயிரோடு வலிப்பவருக்கு அதில் இடமில்லை.

செத்தால் சந்தேகம் இல்லை. கால் போனாலும் சந்தேகம் இல்லை. ரயில் மோதி, தூசி தட்டி எழுந்து, வீட்டுக்கு நடந்தே போய், நாலு நாள் கழித்து முதுகு வலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை என்று வருபவரை என்ன செய்வது? இங்கிலாந்து கோர்ட்டுகளில் இப்படிப்பட்டவர்கள் கூட்டமாக வந்தார்கள். 'ரயில்வே முதுகெலும்பு' என்றே அந்த நோய்க்குப் பெயர் வந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிடி காலேஜின் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜான் எரிக் எரிக்சன் 1866-இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். லாடக் காந்தத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் காந்தம் உடைவதில்லை, ஆனால் அதன் சக்தி போய்விடுகிறது. நரம்பு மண்டலமும் அப்படித்தான் என்றார். அந்த விளக்கம் மருத்துவப்படி நிற்கவில்லை. ஆனால் வெளியில் உடையாததால் உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லாதே என்று ஒரு பெரிய டாக்டர் சொன்னது, வழக்குப் போட்டவர்களுக்குப் பெரிய பலம். வக்கீல்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள்.

ரயில் கம்பெனி சும்மா இருக்குமா? 1883-இல் ஹெர்பர்ட் பேஜ் என்ற டாக்டர் எதிர்ப் புத்தகம் போட்டார். இதெல்லாம் பெரும்பாலும் பயத்தால் வருவது, முதுகெலும்பில் ஒன்றும் இல்லை என்றார். அவர் ஒரு ரயில் கம்பெனியின் டாக்டர். ஆனால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடவும் முடியாது. பயமும் அதிர்ச்சியும் உடம்பைப் படுத்தும் என்பது உண்மைதானே.

நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸையே பாருங்கள். 1865 ஜூன் 9, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊரில் பாலத்தில் தண்டவாளம் கழற்றி வேலை நடந்துகொண்டிருந்தபோது ரயில் வந்து கவிழ்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்தில் தொங்கியது. மனிதருக்கு ஒரு கீறல் இல்லை. தொப்பியில் தண்ணீர் மொண்டு காயம்பட்டவர்களுக்குக் கொடுத்தார். தொங்கிய பெட்டிக்குள் மறுபடி ஏறி, எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு ரயில் பயணம் என்றாலே நடுங்கினார். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஜூன் 9-ஆம் தேதி இறந்தார். அன்றைக்கு எக்ஸ்ரே இருந்து, டிக்கன்ஸை எடுத்திருந்தால் 'ஒன்றும் இல்லை' என்றுதான் வந்திருக்கும்.

பிறகு மோட்டார் கார் வந்தது. 1928-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில் ஹெரால்டு குரோ என்பவர் இந்தக் கழுத்துக் காயத்துக்கு 'விப்லாஷ்' என்று பெயர் சொன்னார், அதாவது சாட்டைச் சொடுக்கு. மாட்டு வண்டிக்காரர் சாட்டையின் கைப்பிடியைத்தான் அசைப்பார், நுனிதான் 'சளீர்' என்னும், அதைப் போல. கழுத்து எப்படி அசைந்தது என்பதற்கு அவர் சொன்ன உவமை அது. பிறகு அதுவே நோயின் பெயராகிவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். நல்ல உவமை சொல்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

ஏழாம் வகுப்பு அறிவியலில் நியூட்டனின் முதல் விதி படித்தோம் அல்லவா? பின்னாலிருந்து இடிக்கும்போது சீட்டு முதுகை முன்னால் தள்ளுகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கழுத்து. கண் இமைப்பதற்குள் ஆங்கில 'எஸ்' எழுத்து மாதிரி வளைந்துவிடுகிறது. எலும்பு முறிவதில்லை. எலும்பைப் பிணைக்கிற தசைநார்களும் சின்னச் சின்ன மூட்டுகளும் இழுபடுகின்றன. எக்ஸ்ரேக்கு எலும்புதான் தெரியும், நார் தெரியாது. இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாள் வந்திருக்காது. 1955-இல் கலிபோர்னியாவில் காரைக் காரில் மோதவிட்டே சோதனை செய்து பார்த்துவிட்டார்கள். 1969 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களின் முன் சீட்டில் தலைக்கு ஆதாரம் வைப்பது கட்டாயமானது. நம்மில் பாதிப் பேர் அதை அழகுக்கு வைத்த தலையணை என்று நினைத்து, அடியில் இறக்கி வைத்திருக்கிறோம். தலைக்கு நேராக ஏற்றி வையுங்கள். மச்சினர் காரின் பின் சீட்டில் அது இல்லவே இல்லை.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். 1996-இல் லிதுவேனியா நாட்டு ஆராய்ச்சி ஒன்று வந்தது. பின்னாலிருந்து இடிபட்ட 202 பேரைத் தேடிப் போய்க் கேட்டார்கள். நஷ்ட ஈடு என்ற பேச்சே பெரிதாக இல்லாத அந்த நாட்டில், நாள்பட்ட கழுத்து வலி மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் இல்லை என்று வந்தது. கனடாவில் சாஸ்கட்செவன் மாகாணத்தில் 1995-இல் சட்டத்தை மாற்றி, வலிக்கும் வேதனைக்கும் வழக்குப் போட்டுப் பணம் வாங்குவதை நிறுத்தினார்கள். லட்சம் பேருக்கு 417 ஆக இருந்த கழுத்துக் காயக் கோரிக்கை 302 ஆகக் குறைந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இது கரும்பு. பாருங்கள், பணத்துக்காக வலிக்கிறது என்றார்கள். எனக்கு அந்தக் கணக்கில் வேறொன்று தெரிகிறது. பணம் குறைந்த பிறகும் 302 பேர் வந்தார்களே! நாலில் மூன்று பேருக்கு வலித்துக்கொண்டுதானே இருந்தது?

இங்கிலாந்தில் பொய்க் கோரிக்கைகளும் இருந்தன, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டுகளும் இருந்தார்கள். அதனால் 2018-இல் ஒரு சட்டம் போட்டு, 2021 மே 31 முதல் விலைப்பட்டியலே வைத்துவிட்டார்கள். 2021-இல் வைத்த பட்டியலில், கழுத்து வலி மூன்று மாதத்துக்குள் போனால் 240 பவுண்டு, ஒன்றரை வருடத்துக்கு மேல் இரண்டு வருடம் வரை நீடித்தால் 4,215 பவுண்டு. டாக்டர் சான்று வாங்காமல் இன்சூரன்ஸ்காரர் பேரம் பேசக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்தது. பட்டியல் பிடிக்கவில்லை. வலிக்கு ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது.

நம் ஊரில் பட்டியல் கிடையாது. 1939 மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1946 ஜூலையில் கட்டாயம் ஆனது. அப்போதும் அடிபட்டவர் சிவில் கோர்ட்டுக்குப் போய், கேட்கிற தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணம் கட்டி, வருடக் கணக்கில் அலைய வேண்டும். அதை மாற்றத்தான் 1956-இல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றம் ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம் என்று சொன்னது. 1982-இல் நாடாளுமன்றம் அதைக் கொஞ்சம் தளர்த்தி, சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும் யார் தப்பு என்று கேட்காமல் ஒரு சிறு தொகை என்றது. இப்போதுள்ள 1988 சட்டத்தில் வழக்குப் போட முதலில் கெடு இருந்தது, 1994-இல் எடுத்தார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் மறுபடி ஆறு மாதம் என்று வைத்துவிட்டார்கள். அதை எதிர்த்துக் கோர்ட்டில் வழக்குகள் இருக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள், ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நாங்கள் 2023 ஜனவரியில், நாலரை மாதத்தில் போட்டோம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

வீட்டில் முதலில் சம்மதிக்கவில்லை. அந்தப் பையன் கட்ட வேண்டி வருமே என்பதுதான் கவலை. அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, பணம் கம்பெனி கொடுக்கும், இதற்காகத்தானே வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறார்கள் என்று வக்கீல் விளக்கிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். கிரிமினல் கேஸில் அந்தப் பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அன்று கோர்ட் வாசலில் எங்களைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இதை மறைத்து எழுதுவது சரியில்லை.

கம்பெனி தரப்பில் மூன்று வாதம் வைத்தார்கள். முதலாவது, போலீஸ் புகார் பன்னிரண்டு நாள் தாமதம், ஆகவே கட்டுக்கதை. இங்கேதான் அந்த இளம் டாக்டரம்மா எழுதிய நோட்டு வந்து நின்றது. விபத்துப் பதிவேடு, 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். மூன்றாம் நாளே, வழக்குப் போடும் எண்ணமே இல்லாத போது, ரயில்வே கேட், காய்கறி வேன், மாலை 4.30 மணி என்று அதில் இருக்கிறது. மச்சினரின் செல்போன் படத்தில் அதே நேரம், அதே நம்பர். புகார் தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ரவி என்பவரின் வழக்கில் சொல்லியிருப்பதை எங்கள் வக்கீல் எடுத்துக் காட்டினார். இது கொலைக் கேஸ் இல்லை, சந்தேகமே இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது வாதம் கழுத்தைப் பற்றியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கியிருந்தது. "ஐம்பத்தெட்டு வயதில் இது எல்லாருக்கும் இருக்கும்" என்றார் அவர்கள் வக்கீல். உண்மைதான். ஆனால் விபத்துக்கு முந்தைய வாரம் வரை இவர் இரண்டு குடம் தண்ணீர் தூக்கியவர் என்பதும் உண்மை. பதினான்கு மாதம் பிசியோதெரபிக்குப் போன சீட்டு ஒவ்வொன்றையும் தேதிவாரியாக ஒட்டி வைத்திருந்தேன். வாத்தியார் புத்தி அதற்கு உதவியது. மெடிக்கல் போர்டு 12 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தது. வெறும் சதவீதத்தைப் பார்க்காதே, அந்தக் காயம் அந்த மனிதரின் வேலையை எப்படிப் பாதித்தது என்று பார் என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லியிருக்கிறது. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், ஆபீஸ் கிளார்க்குக்கு வேலை போகாது என்பது அதில் வரும் உதாரணம்.

அதைச் சொன்னதும் மூன்றாவது வாதம் வந்தது. "இவர் என்ன வேலை பார்க்கிறார்? ஹவுஸ் ஒய்ஃப். வருமானம் இல்லை. அப்புறம் என்ன இழப்பு?"

எனக்கு அங்கே ஒரு பழைய ஞாபகம் வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஆசிரியர்களுக்குத்தானே அந்த வேலை. "என்ன வேலைம்மா?" என்றால், "சும்மா வீட்டுலதான் இருக்கேன் சார்" என்பார்கள், அடுப்பில் ஒரு கையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக. நான் 'வேலை செய்யாதவர்' என்று குறித்துக்கொள்வேன். எத்தனை நூறு பேருக்கு அப்படிக் குறித்தேன்! அருண் குமார் அகர்வால் வழக்கின் 2010 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கெடுப்பைத்தான் கண்டித்திருக்கிறது. இல்லத்தரசிகளைப் பிச்சை எடுப்பவர்கள், கைதிகளோடு ஒரே பட்டியலில் வைத்தார்கள் என்று நீதிபதி எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே 2001-இல், ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில், வீட்டு வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்ற அரசாங்கக் கணக்கெடுப்பையே அந்தத் தீர்ப்பில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் 97 நிமிடம் செய்ததில்லை.

குறுக்கு விசாரணையில் அவரிடமே கேட்டார்கள். "தினமும் வீட்டில் என்ன வேலை செய்வீர்கள்?" அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வாசல் தெளிப்பது, மாவாட்டுவது, பேரனைக் குளிப்பாட்டுவது, என் தாயாருக்குக் கட்டிலிலேயே துடைத்துவிடுவது. நீதிபதி "போதும்மா" என்று சொல்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தப் பட்டியலை முழுதாக நான் கேட்டது அன்றைக்குத்தான். "இப்போது இதில் எதெல்லாம் முடியவில்லை?" என்று அடுத்த கேள்வி. எல்லாம் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம், சாட்சிக் கூண்டில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இவர், "வாசல் தெளிக்கிறேன், சமைக்கிறேன். மாவாட்ட முடியலை, கல்லைத் தூக்க முடியலை. மாமியாரைப் புரட்ட முடியலை. பேரனைத் தூக்க முடியலை" என்றார். எங்கள் வக்கீலுக்கு முகம் சுருங்கியது. ஆனால் அன்றைக்குப் பிறகுதான் கம்பெனி வக்கீலின் குரல் இறங்கியது. மிகைப்படுத்தாத ஆளை எப்படி உடைப்பது?

கேட்டது ஐந்து லட்சம். முதலில் அறுபதாயிரம் என்றார்கள். 2024-இல் மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசி, 1,75,000 ரூபாய்க்கு முடித்தோம். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அப்பீல் கிடையாது, இரண்டு பக்கமும். தீர்ப்பு வரை காத்திருந்தால் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும் என்று உறவில் ஒருவர் இன்றும் சொல்கிறார். கிடைத்திருக்கலாம். அதற்குமேல் ஹைகோர்ட், இன்னும் நாலு வருடம் என்றும் போயிருக்கலாம். பணம் நேராக அவர் பேங்க் கணக்குக்கே வந்தது.

போன் செய்த தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், எப்படி அடிபட்டது என்று பதிய வை. வண்டி நம்பரும் படமும் எடுத்து வை. புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். நகல் வாங்கு. மாத்திரைச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதே. சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் விடாதே. ஆறு மாதத்துக்குள் மனுப் போடு. அம்மா வலிக்கிறது என்று சொல்லும்போது எக்ஸ்ரே கவரைக் காட்டாதே.

அந்தப் பணத்தில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். டாக்டர் செலவு போக மீதியை அவர் பேரன் பெயரில் போட்டுவிட்டார். அதற்கு முன்னால் ஒரே ஒரு சாமான் வாங்கினார், சாய்க்கிற மாடல் கிரைண்டர். கல்லைத் தூக்க வேண்டியதில்லை, அப்படியே சாய்த்து மாவை வழித்துக்கொள்ளலாம். இப்போது அதைச் சாய்க்கிற வேலை என்னுடையது.